சோல்ன்ஹோபன்: ஒரு சிற்றூரும் அதன் கல்லும்

ஜெர்மனி நாட்டின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே பவேரியா மாநிலத்தில் மியூனிக், நியூரம்பர்க் என்னும் இரு பெருநகரங்களைக் கண்டுபிடிப்பது எளிது. இவ்விரண்டிற்கும் இடையே ஆல்ட்மூல் என்ற சிற்றாறு வளைந்து வளைந்து ஓடுகிறது. அதன் கரையில் சோல்ன்ஹோபன் என்னும் ஊரைத் தேடிப் பாருங்கள். சிறிய அளவிலான படமாக இருந்தால் அதில் அப்பெயரே இராது. ஏறத்தாழ 1,700 பேர் வாழும் ஊர் அது. நம் நாட்டில் பல கிராமங்கள் அதைவிடப் பெரியவை.

ஆனால் உலகில் நிலவியல் படிக்கும் மாணவர் எவரும் இவ்வூரின் பெயரை அறியாமல் இருக்கமாட்டார். அச்சுத்தொழிலின் வரலாற்றைப் படிப்பவர்களும் அப்படியே. நிலவியல் எங்கே, அச்சுத்தொழில் எங்கே! இரண்டும் ஒரே சிற்றூரில் எப்படிச் சந்தித்தன? விடை அந்த ஊரின் மண்ணுக்கடியில் கிடக்கும் கல்லில் இருக்கிறது. அந்தக் கல் எப்படி உண்டாயிற்று, மனிதனுக்கு எப்படிப் பயன்பட்டது, எதைக் காட்டிக்கொடுத்தது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

ஊரின் இருப்பிடம்

சோல்ன்ஹோபன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஊர் பள்ளத்தாக்கில் இருக்கிறது. இருபுறமும் பிராங்கோனிய ஜுரா எனப்படும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம் உயர்ந்து நிற்கிறது. இந்த மேட்டை அறுத்துக்கொண்டு ஓடும் ஆல்ட்மூல் ஆறு, கெல்ஹைம் என்னும் ஊரில் டான்யூப் நதியோடு கலக்கிறது.

ஊருக்கு அருகே ஆற்றின் சரிவில் பெரிய பாறைகள் வரிசையாக நிற்கின்றன. மக்கள் அவற்றைப் 'பன்னிரு திருத்தூதர்கள்' என்று அழைக்கிறார்கள். பார்த்தால் யாரோ செதுக்கி நிறுத்தியவை போலத் தோன்றும். உண்மையில் அவை பழங்காலக் கடலின் அடியில் கடற்பஞ்சுகள் வளர்ந்து உண்டாக்கிய திட்டுகளின் எச்சங்கள். சுற்றியிருந்த மென்மையான பகுதிகள் கரைந்தும் அரித்தும் போய்விட, கடினமான பகுதிகள் மட்டும் நிலைத்து நின்றுவிட்டன. ஆக, இன்று கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இவ்வூர் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்பதற்கு ஊர் எல்லையிலேயே சாட்சி நிற்கிறது.

பெயர் வந்த வரலாறு

எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து பல கிறித்தவத் துறவிகள் ஜெர்மனிக்கு வந்தனர். அவர்களுள் ஒருவர் சோலா. புனித போனிபாஸ் என்பவரின் சீடர். ஆல்ட்மூல் ஆற்றங்கரையில் தனிமையில் தவவாழ்வு வாழ்ந்த இவர், 794ஆம் ஆண்டில் இங்கேயே காலமானார். சோலாவின் இருப்பிடம் என்ற பொருளில்தான் ஊருக்கு இப்பெயர் வந்தது. சோலா தம் இடத்தைப் புல்டா நகரத்து மடத்துக்கு விட்டுச் சென்றார். அம்மடத்தார் அங்கே ஒரு துறவியர் இல்லத்தையும் கோயிலையும் பேணி வந்தனர். அக்கோயிலின் இடிபாடுகளில் மிகப் பழைய தூண்களையும் அவற்றின் சிற்பப் போதிகைகளையும் இன்றும் காணலாம்.

சோலா இறப்பதற்கு முந்திய ஆண்டில், அதாவது 793இல், ஆற்றின் மேற்பகுதியில் ஒரு துணிகரமான வேலை நடந்தது. சார்லமேன் என்னும் பேரரசர் ஆல்ட்மூல் ஆற்றையும் ரெசாட் என்னும் மற்றொரு சிற்றாற்றையும் இணைத்துக் கால்வாய் வெட்ட ஆணையிட்டார். ரெசாட்டின் நீர் இறுதியில் ரைன் நதிக்குச் செல்கிறது. ஆல்ட்மூலின் நீரோ டான்யூப் நதிக்குச் செல்கிறது. இரண்டையும் இணைத்துவிட்டால் வடகடலிலிருந்து கருங்கடல் வரை படகில் போகலாம்! ஆனால் ஓயாத மழையாலும் சேற்று நிலத்தாலும் வேலை கைவிடப்பட்டது என்று அக்காலக் குறிப்பு கூறுகிறது. அந்தப் பழைய வாய்க்காலின் ஒரு பகுதி இன்றும் நீர் நிரம்பிக் கிடக்கிறது. பேரரசரின் கனவு நிறைவேற ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் ஆயின. ரைன்–மைன்–டான்யூப் கால்வாய் 1992இல் திறக்கப்பட்டபோது, ஆல்ட்மூல் ஆற்றின் கீழ்ப்பகுதியே அதன் ஒரு பாகமாக அமைந்தது.

பதினாறாம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தம் பரவியபோது துறவியர் இல்லம் மூடப்பட்டது. ஊர் ஆன்ஸ்பாக் சிற்றரசர்களின் ஆட்சிக்குட்பட்டு, பிறகு பிரஷ்யாவின் கைக்கு மாறி, 1806இல் பவேரியாவுடன் சேர்ந்தது. 1870இல் இப்பள்ளத்தாக்கின் வழியே இருப்புப்பாதை போடப்பட்டது. அரசர்கள் மாறினார்கள், ஊரின் பிழைப்பு மட்டும் மாறவில்லை. அது கல்வேலை.

15 கோடி ஆண்டுகளுக்கு முன்

இந்தக் கல் எப்படி வந்தது? அதற்கு நாம் ஜுராசிக் காலத்தின் பிற்பகுதிக்குப் போகவேண்டும். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய தென் ஜெர்மனி வெப்பம் மிகுந்த ஓர் ஆழமற்ற கடலாக இருந்தது. அங்கங்கே தீவுகள் தலைகாட்டின. கடற்பஞ்சுத் திட்டுகளும் பவளத் திட்டுகளும் வேலி போட்டாற்போல் நின்று, திறந்த கடலின் அலைகளை உள்ளே வரவிடாமல் தடுத்தன. வேலிக்கு உட்புறம் அமைதியான உப்பங்கழிகள் உண்டாயின.

மழை குறைவு; வெயில் கடுமை. உப்பங்கழி நீர் ஆவியாகிக் கொண்டேயிருந்தது. எஞ்சிய நீரில் உப்பு மிகுந்தது. உப்பு மிகுந்த நீர் கனமானது; ஆகவே அது அடியில் தங்கிவிட்டது. மேல்நீரும் அடிநீரும் கலக்காததால் அடியில் உயிர்வளியும் குறைந்துபோயிற்று. அங்கே மீன் வாழமுடியாது. புழு, நண்டு வாழமுடியாது.

இது எவ்வளவு முக்கியமான செய்தி என்பதைக் கவனியுங்கள். சாதாரணக் கடலடியில் ஒரு மீன் செத்து விழுந்தால் என்ன ஆகும்? நண்டுகள் பிய்த்துத் தின்னும். புழுக்கள் சேற்றைத் துளைத்துக் கிளறும். சில நாட்களில் மீனின் வடிவமே இராது. சோல்ன்ஹோபன் உப்பங்கழியிலோ தின்பதற்கும் ஆளில்லை, கிளறுவதற்கும் ஆளில்லை. புயற்காலங்களில் வெளிக்கடலிலிருந்து அடித்துவரப்பட்ட மிக நுண்ணிய சுண்ணாம்புச் சேறு உடலின்மேல் மெல்லப் படிந்து மூடியது. மாவுபோன்ற அந்தச் சேறு உடலின் ஒவ்வொரு வரியையும் அச்சாகப் பிடித்துக்கொண்டது.

அடிநீர் எவ்வளவு கொடியது என்பதற்கு இப்பகுதியில் கிடைத்த ஒரு படிவமே சான்று. ஒரு சிறு குதிரைலாட நண்டு உப்பங்கழியின் அடியில் விழுந்து, தப்பிக்க வழிதேடி நடந்திருக்கிறது. அதன் கால்தடம் கல்லில் ஏறத்தாழ 10 மீட்டர் நீளத்துக்குப் பதிந்திருக்கிறது. தடத்தின் முடிவில் அந்த நண்டே கிடக்கிறது! ஓர் உயிரின் கடைசி நடை 15 கோடி ஆண்டுகளாக அழியாமல் இருக்கிறது.

இப்படிச் சில லட்சம் ஆண்டுகளில் அடுக்கின்மேல் அடுக்காகச் சேறு படிந்து இறுகிக் கல்லாயிற்று. கல்லில் இரண்டு வகை அடுக்குகள் மாறிமாறி வரும். ஒன்று 95 விழுக்காட்டுக்கு மேல் தூய சுண்ணாம்பாலான கெட்டி அடுக்கு. இதற்குப் 'பிளின்ஸ்' என்று பெயர். மற்றொன்று களிமண் கலந்த மென்மையான அடுக்கு. இதைப் 'பாய்லே' என்பார்கள். மென்மையான அடுக்கு இடையில் இருப்பதால்தான் கெட்டி அடுக்குகள் புத்தகத்தின் ஏடுகள்போல் தனித்தனியே பிரிந்து வருகின்றன.

தரையிலும் கூரையிலும்

ஏடு ஏடாகப் பிரியும் கல் கிடைத்தால் மனிதன் சும்மா விடுவானா? ரோமானியப் பேரரசின் எல்லை அரண் இப்பகுதியை ஒட்டியே சென்றது. எல்லைக் கோட்டைகளைச் சார்ந்த குளியல் மண்டபங்களில் ரோமானியர்கள் இக்கல்லைத் தளமாகப் பாவினர். இடைக்காலத்தில் தேவாலயங்களுக்கும் மாளிகைகளுக்கும் இக்கல் சென்றது. ஆல்ட்மூல் பள்ளத்தாக்கின் பழைய வீடுகளில் கூரைக்குக்கூட ஓட்டுக்குப் பதிலாக மெல்லிய கற்பலகைகளையே அடுக்கினார்கள். அப்பலகைகள் வழுக்கி விழாமல் இருப்பதற்காகக் கூரையைச் சரிவு குறைவாக அமைத்தார்கள். வெள்ளைக் கற்கூரை வேய்ந்த அவ்வீடுகள் சில இன்றும் நிற்கின்றன.

ஆயினும் அக்காலம் வரை இது பக்கத்து ஊர்களுக்குத் தெரிந்த ஒரு நல்ல தளக்கல், அவ்வளவுதான். உலகப்புகழ் தேடித்தந்தவர் கல்வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நாடக ஆசிரியர்.

ஒரு சலவைக் கணக்கு

அலாய்ஸ் செனபெல்டர் 1771இல் பிராக் நகரில் பிறந்தவர். தந்தை நடிகர். மகனோ நாடகம் எழுதினார். எழுதியதை அச்சிட வேண்டும். கையில் பணம் இல்லை. எனவே தாமே மலிவாக அச்சிடும் வழியொன்றைத் தேடினார். செப்புத் தகட்டில் எழுதிப் பழகினார். தகட்டின் விலை அதிகமாக இருந்ததால், அதற்குப் பதிலாக மழமழப்பான சுண்ணாம்புக்கல் பலகையில் பழகத் தொடங்கினார்.

1796இல் ஒருநாள் துணி வெளுக்கப் போட வேண்டியிருந்தது. தாயார் கணக்கு எழுதச் சொன்னார். கைக்கருகில் தாள் இல்லை. மெழுகும் சவர்க்காரமும் விளக்குக்கரியும் கலந்து தாம் தயாரித்திருந்த மையால், எதிரிலிருந்த கல்லின்மேல் செனபெல்டர் அந்தக் கணக்கை எழுதினார். எழுதியதை அழிக்கும் முன் அமிலத்தை ஊற்றிப் பார்க்கலாமே என்று தோன்றியது. மை படிந்த இடத்தை அமிலம் தொடவில்லை. மற்ற இடத்தைச் சிறிது அரித்தது. இந்நிகழ்ச்சியைச் செனபெல்டரே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். தொடர்ந்து இரண்டு, மூன்று ஆண்டுகள் முயன்று, அரிக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு புதிய முறையை அவர் கண்டறிந்தார். அதுவே கல்லச்சு.

கல்லச்சின் அடிப்படை மிக எளியது. எண்ணெயும் தண்ணீரும் சேரா என்பது உங்களுக்குத் தெரியும். வழவழப்பாக்கிய கல்லின்மேல் எண்ணெய்ப்பசை உள்ள மையால் படம் வரைகிறார்கள். கல் அந்தப் பசையைச் சிறிது உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு வேலம்பிசினும் மெல்லிய அமிலமும் கலந்த கரைசலைப் பூசுகிறார்கள். இதனால் வரையாத இடங்கள் தண்ணீரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் தன்மை பெறுகின்றன. இப்போது கல்லை நனைத்து, அச்சுமை தடவிய உருளையை அதன்மேல் உருட்டுகிறார்கள். ஈரமான இடத்தில் மை ஒட்டுவதில்லை. வரைந்த கோடுகளில் மட்டும் ஒட்டுகிறது. தாளை வைத்து அழுத்தினால் படம் அப்படியே பதிந்துவிடும். எழுத்து மேடாக இருக்கவும் வேண்டாம், பள்ளமாக இருக்கவும் வேண்டாம். எல்லாம் ஒரே மட்டத்தில்!

இதற்கு எந்தக் கல்லும் பயன்படாது. பசையையும் உறிஞ்சவேண்டும், நீரையும் பிடிக்கவேண்டும். மயிரிழைக் கோடும் உடையாமல் நிற்கும்படி மணல் பருக்கையே இல்லாமல் நுண்மையாக இருக்கவேண்டும். அச்சுப்பொறியின் அழுத்தத்தைத் தாங்கும் கனமும் வேண்டும். இத்தனை இயல்புகளும் ஒருங்கே அமைந்த கல்லை மற்ற நாடுகளிலும் தேடினார்கள். சோல்ன்ஹோபன் கல்லுக்கு நிகராக எதுவும் அமையவில்லை. அதிலும் ஆழத்தில் கிடைக்கும் நீலச்சாம்பல் நிறக் கல், மேலே கிடைக்கும் மஞ்சள் கல்லைவிடக் கடினமானது. நுட்பமான வேலைக்கு அதையே விரும்பினார்கள்.

செனபெல்டருக்குப் பவேரிய ஆட்சியாளர் 1799இல் தனியுரிமை வழங்கினார். அடுத்த பத்தாண்டில் பவேரிய அரசு நாடு முழுவதையும் அளந்து, ஒவ்வொரு வயலையும் தோட்டத்தையும் காட்டும் நில அளவைப் படங்களைக் கல்லச்சில் அச்சிடத் தொடங்கியது. அதற்குப் பயன்பட்ட இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள் மியூனிக் நகரில் இன்றும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. படங்களும் இசைக்குறிப்புகளும் சுவரொட்டிகளும் கல்லச்சால் மலிவாயின. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒவ்வொரு கல்லாகப் பயன்படுத்திப் பல வண்ணப் படங்களையும் அச்சிட்டார்கள்.

இந்த அலை நம் நாட்டையும் தொட்டது. ஓவியர் ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் இம்முறையில்தான் வண்ணப்படங்களை வெளியிட்டது. அங்கே ஜெர்மானியத் தொழில்நுட்பர்கள் பணியாற்றினர். நம் பாட்டன் பாட்டி வீட்டுப் பூசையறையில் மாட்டியிருந்த லட்சுமி, சரசுவதி படங்கள் பல இந்தக் கல்லச்சுக் கலையின் வழித்தோன்றல்களே. இன்று பத்திரிகைகளும் பாடநூல்களும் அச்சாகும் ஆப்செட் முறையும் எண்ணெய்க்கும் நீருக்கும் உள்ள அதே பகையை வைத்தே இயங்குகிறது. கல்லின் இடத்தில் உலோகத்தகடு வந்திருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

ஏட்டைப் புரட்டியவர்கள்

இனி கதையின் இரண்டாம் பாதிக்கு வருவோம். கல்லச்சுக்குக் கல் தேவைப்பட்டதும் சோல்ன்ஹோபனிலும் அண்டை ஊர்களிலும் கல்குவாரிகள் பெருகின. இங்கே வெடிவைத்துப் பாறையைத் தகர்த்துவிட முடியாது, பலகை உடைந்துபோகும். தொழிலாளி உளியையும் சுத்தியலையும் வைத்து ஏடு ஏடாகப் பிரிக்கவேண்டும். பிரித்த பலகையைத் தட்டிப் பார்த்து, எழும் ஓசையைக்கொண்டே உள்ளே விரிசல் உண்டா என்று சொல்லிவிடுவார். இரு பக்கமும் கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பார். தோண்டியதில் பெரும்பகுதி கழிவாகக் குப்பைமேட்டுக்குப் போகும்; சிறுபகுதியே அச்சகத்துக்குத் தேறும்.

இதில் அடங்கியுள்ள உண்மையைப் பாருங்கள். பல தலைமுறைகளாக ஆயிரக்கணக்கான கைகள் அந்தக் கற்புத்தகத்தை ஒவ்வோர் ஏடாகப் புரட்டியிருக்கின்றன. ஆயிரக்கணக்கான கண்கள் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்திருக்கின்றன. இப்படியொரு தேடலை எந்தப் பல்கலைக்கழகமும் செலவழித்து நடத்தியிருக்க முடியாது. உப்பங்கழியில் உடல்கள் அழியாமல் காத்தது நுண்சேறு. கல்லை அச்சுக்கு ஏற்றதாக்கியதும் அதே நுண்சேறு. ஒரே காரணம் இரண்டு விளைவுகளைத் தந்தது. இரண்டாவது விளைவு இல்லையேல் முதலாவது நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

கற்களுக்கிடையே மீன்கள் கிடைத்தன. நண்டு, இறால், தும்பி கிடைத்தன. எலும்பே இல்லாத இழுதுமீனின் பதிவுகூடக் கிடைத்தது. 1784இல் கொல்லினி என்னும் அறிஞர் இப்பகுதியில் கிடைத்த ஒரு விசித்திரப் பிராணியைப் பற்றி எழுதினார். அதன் ஒரு விரல் மட்டும் மிக நீளமாக இருந்தது. அது கடல்வாழ் உயிராக இருக்கலாம் என்று அவர் கருதினார். அது பறக்கும் ஊர்வன இனம் என்று 1801இல் பிரெஞ்சு அறிஞர் குவியே எடுத்துக்காட்டினார். டெரோடாக்டைல் என்று நாம் அறிவது அதுவே.

ஓர் இறகு

1859இல் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது. ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனம் படிப்படியாகத் தோன்றியிருந்தால், இடைப்பட்ட உருவங்கள் எங்கே என்று எதிர்த்தவர்கள் கேட்டனர். நியாயமான கேள்வி. டார்வினே அந்தக் குறையை ஒப்புக்கொண்டிருந்தார்.

இரண்டே ஆண்டுகளில் சோல்ன்ஹோபன் ஊர்ப்பொதுக் கல்குவாரியில் கிடைத்த ஒரு கல்லைப் பற்றிய செய்தி வந்தது. கல்லில் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் இறகு! ஜுராசிக் காலத்துக் கல் அது. பிராங்பர்ட் நகர அறிஞர் ஹெர்மன் வான் மேயர் 1861இல் அதைப் பற்றி எழுதினார். அவர் இட்ட பெயர் 'ஆர்க்கியாப்டெரிக்ஸ் லித்தோகிராபிகா'. முதற்சொல்லுக்குப் 'பழஞ்சிறகு' என்று பொருள். இரண்டாவது சொல் கல்லச்சைக் குறிக்கிறது. ஓர் அச்சுத்தொழிலின் பெயரைத் தாங்கிய பறவை வேறு எங்கே உண்டு!

அதே ஆண்டில் பக்கத்து ஊரான லாங்கன்ஆல்ட்ஹைம் அருகே இறகுகளோடு கூடிய ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. அது பாப்பன்ஹைம் ஊர் மருத்துவர் கார்ல் ஹேபர்லைன் கைக்கு வந்தது. மியூனிக் பேராசிரியர் ஆன்ட்ரியாஸ் வாக்னர் டார்வின் கொள்கையை ஏற்காதவர். கல்லைத் தாம் பார்க்காமலே, பிறர் சொன்ன வருணனையைக் கொண்டு, அது இறகுபோன்ற அணியுடைய ஊர்வனவே என்று அவர் அறிவித்தார். இலண்டன் அருங்காட்சியகம் காத்திருக்கவில்லை. 1862இல் ஹேபர்லைனின் தொகுப்பை 700 பவுனுக்கு வாங்கிக்கொண்டது. அங்கே ரிச்சர்ட் ஓவன் 1863இல் அதை விரிவாக விவரித்தார். டார்வின் 1866இல் வந்த தம் நூலின் நான்காம் பதிப்பில் இந்தப் பறவையைக் குறிப்பிட்டார்.

காக்கை அளவுள்ள பிராணி அது. பறவைபோல் இறகும் சிறகும் உண்டு. ஆனால் ஊர்வன போல் நீண்ட எலும்புவால். சிறகில் நகங்களோடு கூடிய மூன்று விரல்கள். 1870களில் ஐக்ஸ்டெட் அருகே கிடைத்த இரண்டாவது எலும்புக்கூட்டில் தலையும் இருந்தது. தாடையில் பற்கள் தெளிவாகத் தெரிந்தன. அதைக் கண்டெடுத்தவர் ஒரு பசுமாடு வாங்குவதற்காக அதை விற்றுவிட்டார் என்று சொல்லப்படுகிறது. கைமாறிய பின் அதன் விலை 20,000 மார்க்! முதலாவது நாட்டைவிட்டுப் போனதுபோல் இதுவும் போய்விடக் கூடாதென்று, தொழிலதிபர் வெர்னர் வான் சீமன்ஸ் பணம் கொடுத்து உதவினார். இன்று அது பெர்லினில் உள்ளது.

பெயர்ச்சீட்டும் பூட்டிய கதவும்

எலும்புக்கூடு கையில் கிடைத்துவிட்டால் மட்டும் உண்மை தெரிந்துவிடுமா? இல்லை. 1855இல், அதாவது புகழ்பெற்ற இறகுக்கும் முன்பே, ஒரு மாதிரி கிடைத்திருந்தது. அதைப் பறக்கும் ஊர்வன என்று பெயரிட்டவர் வேறு யாருமல்லர். இறகுக்குப் பெயரிட்ட அதே வான் மேயர்தான்! நெதர்லாந்தின் ஹார்லம் நகர அருங்காட்சியகத்தில் தவறான பெயர்ச்சீட்டோடு அது ஒரு நூற்றாண்டுக்கு மேல் கிடந்தது. 1970இல் அமெரிக்க அறிஞர் ஜான் ஆஸ்ட்ரோம் அதில் மங்கலான இறகுத்தடத்தைக் கண்டு, இது ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்றார். 2017இல் வேறு இரு அறிஞர்கள் மீண்டும் ஆராய்ந்து, இது அதற்கு உறவான வேறோர் இனம் என்று கூறி, ஆஸ்ட்ரோமின் பெயரையே அதற்குச் சூட்டினர்.

1951இல் கிடைத்த ஐக்ஸ்டெட் மாதிரியும், 1988இல் விவரிக்கப்பட்ட சோல்ன்ஹோபன் மாதிரியும் முதலில் காம்ப்சோக்நாதஸ் என்னும் சிறு டைனோசராகக் கருதப்பட்டவையே. இந்தத் தவறுகளே ஒரு பாடம் அல்லவா? இறகைக் காணாவிட்டால் வல்லுநர்கள்கூட இதைச் சிறு டைனோசர் என்று எண்ணிவிடுகிறார்கள். இறகைக் கண்டால் பறவை என்கிறார்கள். எலும்பளவில் இரண்டும் அத்துணை நெருக்கம். டைனோசர்களுக்கும் பறவைகளுக்கும் உறவு உண்டென்று ஹக்ஸ்லி 1868இலேயே வாதிட்டிருந்தார். ஆஸ்ட்ரோம் 1970களில் அதை மீண்டும் நிலைநாட்டினார். பறவைகள் டைனோசர் மரபின் ஒரு கிளை என்பதை இன்று அறிவியல் உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

மற்றொரு நிகழ்ச்சி வருத்தம் தருவது. 1956இல் லாங்கன்ஆல்ட்ஹைம் அருகே மூன்றாவது எலும்புக்கூடு கிடைத்தது. ஹெல்லர் என்னும் பேராசிரியர் 1959இல் அதை விவரித்தார். சில காலம் மாக்ஸ்பெர்க் அருங்காட்சியகத்தில் அது பார்வைக்கு இருந்தது. 1974இல் உரிமையாளர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதன்பின் அறிஞர் யாரையும் பார்க்க விடவில்லை. 1991இல் அவர் இறந்தபோது வீட்டில் தேடினார்கள், கல் இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. எஞ்சியிருப்பவை வார்ப்புப்படிகளும் எக்ஸ்ரே படங்களும் புகைப்படங்களும் மட்டுமே.

15 கோடி ஆண்டுகள் பூமிக்கடியில் பத்திரமாக இருந்த ஒன்று, மனிதர் கையில் 40 ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை! ஒரு நிலத்தில் கிடைத்த பொருள் நிலத்துக்குரியவருக்கே சொந்தம் என்பது ஒரு நியாயம். உலகில் பத்துப் பதினைந்து மட்டுமே உள்ள ஒரு பொருளை எல்லாரும் ஆராய வழி இருக்கவேண்டும் என்பது மற்றொரு நியாயம். இரண்டும் மோதும்போது எது நிற்கவேண்டும்? பூட்டிய அறைக்குள் இருக்கும் கல்லைக்கொண்டு ஒருவர் கூறியது சரியா என்று மற்றவர் சோதிக்க முடியாது. சோதிக்க முடியாதது அறிவியலுக்கு உதவாது. ஹார்லம் மாதிரியை நினைத்துப் பாருங்கள். தவறான பெயரோடு இருந்தாலும் பொது அருங்காட்சியகத்தில் இருந்தது. ஆகவே நூறாண்டு கழித்து வந்த ஒருவர் அந்தத் தவறைத் திருத்த முடிந்தது. அவருக்குப் பின்வந்தவர்கள் அவர் முடிவையும் சோதிக்க முடிந்தது.

இன்றைய ஊர்

உலோகத்தகடுகள் வந்தபின் கல்லச்சுக் கல்லுக்குத் தேவை குறைந்தது. இன்று ஓவியர்கள் மட்டுமே அதை நாடுகிறார்கள். சோல்ன்ஹோபன் கல் மீண்டும் தளக்கல்லாகவும் சன்னல் அடிக்கல்லாகவும் போகிறது. மெல்லிய பலகைகளைப் பிரிப்பதில் இன்னும் கைவேலைக்கே முதலிடம். ஊரில் செனபெல்டருக்குச் சிலை இருக்கிறது. முன்னாள் ஊர்த்தலைவர் பிரீட்ரிக் முல்லர் சேர்த்து வைத்த படிவங்களிலிருந்து வளர்ந்த அருங்காட்சியகமும் இருக்கிறது. சோல்ன்ஹோபன் மாதிரியை அங்கேயே காணலாம். சுற்றுலாப் பயணிகள் உளியும் சுத்தியலும் வாங்கிக்கொண்டு கற்களைப் பிரித்துப் பார்க்க இடமும் உண்டு. பெரும்பாலோர்க்குச் சிறு கடல்லில்லிகளும் மீன்களும் அகப்படும்.

ஆர்க்கியாப்டெரிக்ஸ் வரிசை இன்னும் முடியவில்லை. இதுவரை ஒரு டசனுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் அறியப்பட்டுள்ளன. சிகாகோ அருங்காட்சியகம் பெற்ற ஒரு மாதிரியைப் பற்றி 2025இல் விரிவான ஆய்வு வெளிவந்தது. புற ஊதாக் கதிரும் கணினிவழி எக்ஸ்ரேயும், உளியால் காணமுடியாத நுணுக்கங்களை இப்போது காட்டுகின்றன. பழைய மாதிரிகளிலும் புதிய செய்திகள் வெளிப்படுகின்றன. ஆனால் அந்தக் கருவிகளுக்கும் முன்னால் வைக்க ஒரு கல் வேண்டும். அதைக் குப்பைமேட்டில் எறியாமல் எடுத்துவைக்க ஒரு தொழிலாளியின் கண் வேண்டும்.

உங்கள் ஊருக்கருகிலும் கல்குவாரியோ, கிணறு வெட்டும் இடமோ, ஆற்று ஓரத்தில் சரிந்த கரையோ இருக்கலாம். அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது சற்றே நின்று, மண்ணும் கல்லும் எந்த வரிசையில் படிந்திருக்கின்றன என்று பாருங்கள். கண்டதைக் குறித்து வையுங்கள். புதிதாக ஏதேனும் தென்பட்டால் வீட்டு அலமாரியில் வைத்துவிடாமல், அறிந்தவர்களிடம் காட்டுங்கள்.